350 பேர் வரவேற்பு விருந்து: ருசியில் இரண்டு கேட்டரர்களும் சமம். வேறு எதை வைத்து முடிவு செய்வது?

#1 நீலவானம்

வணக்கம். தங்கையின் திருமண வரவேற்பு, மாலை 6.30 முதல் 10 மணி வரை. 350 பேர் வருவார்கள் என்று கணக்கு. மண்டபத்தில் சமையலறை இல்லை. பின்பக்கம் ஒரு சின்ன அறையும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருக்கின்றன. வெளியில் சமைத்து எடுத்து வந்து பஃபேயாக வைக்க வேண்டும்.

இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். முதல் ஆள் 32 அயிட்டம் தருகிறார், பிளேட் கணக்கு. இரண்டாவது ஆள் 18 அயிட்டம்தான், மொத்தமாகப் பேசுகிறார். இவருடைய தொகை முதல் ஆளைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். டேஸ்டிங்கில் இரண்டுமே நன்றாக இருந்தது. வீட்டில் எல்லாரும் 32 அயிட்டம் பக்கம் சாய்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள், இவர்களிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

#2 கரண்டிக்கணக்கு

தம்பி, டேஸ்டிங்கில் நீங்கள் பார்த்தது சமையல் மாஸ்டரின் கைப்பக்குவம். அன்று ராத்திரி உங்கள் விருந்தாளி சாப்பிடப் போவது, அந்தச் சமையல் அடுப்பை விட்டு இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. வெளியிலிருந்து கொண்டு வரும் விருந்தில் கேட்டரரின் தரம் அந்த இடைவெளியில்தான் தெரியும். அதனால் முதலில் இந்த நான்கையும் கேளுங்கள்.

எந்த இடத்தில் சமைக்கிறீர்கள், அங்கிருந்து மண்டபத்துக்கு எவ்வளவு நேரம்? ஒவ்வொரு அயிட்டமும் எத்தனை மணிக்கு அடுப்பை விட்டு இறங்கும்? எதில் வைத்து எடுத்து வருவீர்கள்? அதே நாளில் உங்களுக்கு வேறு எத்தனை நிகழ்ச்சி?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரே மாலையில் மூன்று நிகழ்ச்சி எடுத்தவரிடம் ஹாட்பாக்ஸும் (சூடு காக்கும் பெட்டி) வேனும் மூன்றாகப் பிரியும், அனுபவமுள்ள ஆட்களும் பிரிவார்கள். உங்களுக்கு வந்து நிற்கும் மேற்பார்வையாளர் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "நம்ம பையன் ஒருத்தன் வருவான்" என்று பதில் வந்தால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் சூடாக இருக்கும்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். சாதம் 5.15க்கு இறங்கும், கிரேவி 4.45க்கு, எண்ணெயில் பொரிக்கும் வகை மண்டபத்திலேயே என்று அயிட்டம் வாரியாகச் சொல்பவர் அந்த வேலையை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்.

#3 அடுப்படி

கரண்டிக்கணக்கு சொல்வதில் ஒரு திருத்தம். டேஸ்டிங் வீண் இல்லை. நாம் அதைச் செய்கிற முறைதான் தவறு. நான்கு பேருக்குச் சின்னச் சட்டியில் சமைத்து, இறக்கிய கையோடு பரிமாறினால் யார் சமைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள் தம்பி. டேஸ்டிங்குக்கு நீங்கள் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சமைத்து, அன்று கொண்டு வரப் போகும் அதே ஹாட்பாக்ஸில் மூடி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போன பிறகுதான் திறக்க வேண்டும். திறக்கும்போது மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறதா? அந்த நீர் எங்கே சொட்டுகிறது? பொரித்த துண்டை எடுத்து விரலால் அழுத்துங்கள், மேல்தோல் ரப்பர் மாதிரி வளைந்தால் அன்று ராத்திரியும் அப்படித்தான் இருக்கும். சாதத்தில் அடியிலிருந்து ஒரு கரண்டி எடுங்கள். மேலே பொலபொலவென்று இருந்தாலும், அடியில் தன் எடையிலேயே நசுங்கிக் குழைந்திருக்கும். பாத்திரம் ஆழமாக இருந்தால் இது நடக்கும். அகலமான, ஆழம் குறைந்த தட்டுகளில் நிரப்பினால் நடக்காது.

இதற்குச் சம்மதிக்கும் கேட்டரர் எனக்கு நம்பிக்கையானவர். பெரும்பாலானோர் இழுத்தடிப்பார்கள். இதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பொரித்தது எதுவாக இருந்தாலும் மூடிய பெட்டியில் வரக் கூடாது. முக்கால் பதம் பொரித்து ஆறவைத்து எடுத்து வந்து, மண்டபத்தின் பின்னால் கடைசிப் பொரிப்பைப் போட வேண்டும். அதற்கு இடமும் அனுமதியும் இல்லையென்றால் மெனுவிலிருந்தே எடுத்துவிடுங்கள். மெனுவில் பெயர் இருக்கிறதே என்பதற்காக மெத்தென்று போனதை வைப்பது யாருக்கும் நல்லதல்ல. முக்கால் பதம் என்பது நிறத்தில்தான் குறைவு. உள்ளே முழுதாக வெந்திருக்க வேண்டும். இறைச்சி என்றால் இதில் சமரசமே கிடையாது.

#4 சுத்தம்முக்கியம்

நான் உணவுப் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ருசி போனால் ஒரு ராத்திரி வருத்தம். சூடு போனால் விருந்தாளிகள் மருத்துவமனைக்குப் போக வேண்டி வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் எளிமையானது. சமைக்கும்போது உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். பரிமாறும் வரை 60க்கு மேல் இருக்க வேண்டும். குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. 5க்கும் 60க்கும் நடுவில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும்.

திரும்பச் சூடுபடுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து ஒரு நச்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கைப் புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சும் அப்படித்தான். பெரிய அண்டாவில் இறைச்சிக் கிரேவியை முந்தின நாளே செய்து அப்படியே ஆறவிட்டால், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

அதனால் நேரடியாகக் கேளுங்கள்: "முந்தின நாள் சமைக்கிற அயிட்டம் எது எது? அவற்றை எப்படிக் குளிர வைக்கிறீர்கள்?" சரியான பதில் எப்படி இருக்கும் என்றால், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாத தட்டுகளில் பரப்பி, அல்லது ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கிக் கிளறி, இரண்டு மணி நேரத்தில் 57லிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் கொண்டு வருகிறோம் என்பார். அமெரிக்க உணவு விதிமுறை சொல்லும் அளவு அது. "ஃபேனுக்குக் கீழே வைத்துவிடுவோம்" என்றால் அந்த அயிட்டத்தை அன்றே சமைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டட்டும். சட்டைப் பையிலிருந்தோ டூல்பாக்ஸிலிருந்தோ உடனே வந்தால் தினமும் பயன்படுத்துகிறார். "ஆபீஸில் இருக்கும்" என்றால் பயன்படுத்துவதில்லை.

#5 நீலவானம்

சுத்தம்முக்கியம் அக்கா, மிகவும் நன்றி. இதில் எதையுமே நாங்கள் கேட்கவில்லை. நாளை இருவரையும் கூப்பிடுகிறேன். இன்னொரு சந்தேகம். மேடையில் பேச்சு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட எழுவார்கள். பஃபே மேசை எத்தனை வேண்டும்? முதல் ஆள் "ஒரே நீள மேசை, பார்க்கப் பிரமாதமாக இருக்கும்" என்கிறார்.

#6 கரண்டிக்கணக்கு

பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வரிசை நகராது.

கணக்கு இதுதான். வரிசையின் வேகத்தை நிர்ணயிப்பது அதிலேயே மெதுவாக எடுக்கப்படும் ஒரு அயிட்டம். அதற்கு ஆளுக்கு 15 விநாடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 4 பேர். 350 பேர் ஒரே வரிசையில் வந்தால் கடைசி ஆளுக்குத் தட்டு நிறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மேசையைச் சுவரை விட்டு நகர்த்தி இருபுறமும் எடுக்கும்படி வைத்து, அப்படி இரண்டு மேசை போட்டால் நான்கு வரிசை. நிமிடத்துக்கு 16 பேர், 22 நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மேசையிலும் எல்லா அயிட்டமும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருக்கிற அயிட்டத்துக்காக மக்கள் குறுக்கே நடப்பார்கள், இரண்டு வரிசையும் சிக்கிக்கொள்ளும்.

32 அயிட்டத்தை நான் எதிர்ப்பதற்கு இதுவும் காரணம். அயிட்டம் கூடக் கூட ஒவ்வொருவரும் நின்று யோசிக்கும் நேரம் கூடும். இரண்டு மேசையிலும் 32ஐ வைக்க இடமும் இருக்காது.

இனி நிரப்புவது. சாதாரணமாகப் பஃபேயில் வரும் செவ்வகத் தட்டு 530க்கு 325 மில்லிமீட்டர். 65 மில்லிமீட்டர் ஆழம் உள்ளது ஏறக்குறைய 9 லிட்டர் கொள்ளும். சிந்தாமல் தூக்க வேண்டும் என்றால் 6, 7 லிட்டர்தான் நிரப்பலாம். ஆளுக்கு 150 கிராம் எடுத்தால் 40 பேருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இருபுறமும் சேர்த்து நிமிடத்துக்கு 8 பேர் வரும் மேசையில் அந்தத் தட்டு 5 நிமிடம்தான் தாங்கும். ஆகவே கூட்ட நேரத்தில் ஒவ்வொரு மேசைக்கும் பின்னறையிலிருந்து ஓடி ஓடி மாற்ற ஒருவர் தனியாக வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. இந்த ஆள் கொட்டேஷனில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மாற்றும்போது முழுத் தட்டையே மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் பழையதன்மேல் புதியதைக் கொட்டுவது கூடவே கூடாது. அப்படிச் செய்தால் 7 மணிக்கு வைத்ததன் அடிப்பகுதி 9.30க்கும் அங்கேயே கிடக்கும்.

விருந்தாளி முன்னாலேயே சமைத்துக் கொடுக்கும் லைவ் கவுன்ட்டர் வைப்பதாக ஆசை காட்டியிருந்தால் அதையும் இதே மாதிரி கணக்குப் போடுங்கள். ஒரு தட்டு செய்ய 90 விநாடி, ஒரே அடுப்பு என்றால் மணிக்கு 40 தட்டு. மூன்று மணி நேரம் ஓடினாலும் 120 பேர்தான். மீதி 230 பேர் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

#7 மண்டபப்பொறுப்பு

மண்டபம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியவை வேறு. சமையலறை இல்லாத இடம் என்பதால் கேட்டரர் தேதிக்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும். வராமல் கொட்டேஷன் கொடுத்திருந்தால் அந்தக் கொட்டேஷனில் பாதி ஊகம்.

அவர் பார்க்க வேண்டியது: வேன் எங்கே நிற்கும், அங்கிருந்து பின்னறைக்கு எத்தனை படி, லிஃப்ட் இருந்தால் ஹாட்பாக்ஸ் டிராலி உள்ளே நுழையுமா, அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது. ஒரே குழாய் என்றால் கை கழுவ அதை ஒதுக்கிவிட்டு, பாத்திரம் அலசுவதை அங்கே செய்யாமல் அழுக்குத் தட்டுகளை அப்படியே பெட்டியில் அடுக்கித் திருப்பி எடுத்துப் போவதுதான் சரி. அதற்கு அவர்களிடம் தட்டு போதுமான அளவு இருக்க வேண்டும். 350 பேருக்கு 350 தட்டு போதாது. இரண்டாவது முறை வருபவர்களுக்கும் சேர்த்துக் குறைந்தது ஒன்றரை மடங்கு வேண்டும்.

மின்சாரம் கவனம். 230 வோல்ட்டில் 15 ஆம்பியர் ப்ளக் ஒன்று ஏறக்குறைய மூன்றரை கிலோவாட்தான் தாங்கும். காபி, டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய பாய்லர் ஒன்றே 3 கிலோவாட் வரை இழுக்கும். அதே லைனில் உணவைச் சூடாக வைக்கும் ஹாட் கேபினெட் ஒன்றைச் சொருகினால் பிரேக்கர் விழும். ஒலிபெருக்கியும் அந்த லைனில் இருந்தால் பேச்சு நடுவில் நின்றுபோகும். கேட்டரர் என்னென்ன மின்சாதனம் கொண்டு வருகிறார், ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று பட்டியல் வாங்கி மண்டப எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

தீ விஷயத்தில் மண்டபத்தின் விதியை எழுத்தில் வாங்குங்கள். கேஸ் சிலிண்டர் உள்ளே கூடாது என்று பல இடங்களில் உண்டு. சாஃபிங் டிஷ்ஷுக்கு (பஃபே மேசையில் உணவைச் சூடாக வைக்கும் பாத்திரம்) கீழே எரியும் ஜெல் டப்பாவும் திறந்த தீதான். அதையும் தடை செய்கிற மண்டபம் இருக்கிறது. கடைசி நாளில் தெரிந்தால் மின்சார சாஃபிங் டிஷ்ஷுக்கு மாற வேண்டியிருக்கும், அப்போது மேலே சொன்ன மின்சாரக் கணக்கு மறுபடி மாறும்.

#8 சுத்தம்முக்கியம்

சாஃபிங் டிஷ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது சூட்டைத் தக்கவைக்கும் சாதனம், சூடாக்கும் சாதனம் இல்லை. ஆறிப்போனதை அதில் வைத்தால் அதே வெதுவெதுப்பில்தான் நிற்கும். அடித்தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தால் அந்தத் தண்ணீர் சூடேறவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை உணவின் சூட்டைத்தான் அது குடிக்கும். கொதிநீர் ஊற்ற வேண்டும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு. ஜெல் டப்பாக்களில் இரண்டு மணி நேரம் எரிவதும் உண்டு, ஆறு மணி நேரம் எரிவதும் உண்டு. உங்கள் நிகழ்ச்சி மூன்றரை மணி நேரம். இரண்டு மணி நேர டப்பா என்றால் நடுவில் மாற்றுவது யார் என்று கேளுங்கள்.

#9 வாசல்படி

இவ்வளவு சிரமம் எதற்கு? உட்கார வைத்து மேசைக்கே பரிமாறிவிடலாமே. வரிசையும் இருக்காது, அளவும் கட்டுக்குள் இருக்கும்.

#10 கரண்டிக்கணக்கு

அளவு கட்டுக்குள் இருக்கும், உண்மை. வீணாவதும் குறையும். ஆனால் ஆள் கணக்கைப் பாருங்கள் நண்பரே. பஃபேக்கு 25, 30 விருந்தாளிக்கு ஒருவர் போதும், 350 பேருக்கு 12 முதல் 14 பேர். மேசைக்குப் பரிமாற 10, 12 பேருக்கு ஒருவர் வேண்டும், அதாவது முப்பதுக்கு மேல். அத்தனை தட்டையும் ஒரே நேரத்தில் நிரப்பி அடுக்கச் சூடான ஒரு நீளமான இடம் பின்னால் வேண்டும். நீலவானம் சொன்ன சின்ன அறையில் அது நடக்காது. 350 இருக்கையும் ஒரே நேரத்தில் போட முடிகிற, சமையலறை உள்ள மண்டபம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.

முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் மட்டும் ஒரு ஓரத்தில் 30 இருக்கை ஒதுக்கி, மூன்று பேரை வைத்துத் தட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு எந்தக் கேட்டரரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

#11 அடுப்படி

அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அயிட்டத்தின் எண்ணிக்கை ஒரு கணக்கே இல்லை. ஒவ்வொன்றிலும் ஆளுக்கு எத்தனை கிராம், அதுவும் சமைத்த பிறகு எத்தனை கிராம் என்று கேளுங்கள். இனிப்பும் பானமும் நீங்கலாக வளர்ந்த ஒருவர் ஒரு விருந்தில் 450 முதல் 600 கிராம் வரை சாப்பிடுவார். 18 அயிட்டம் இருந்தாலும் 32 இருந்தாலும் வயிறு அவ்வளவுதான். 32 அயிட்டத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், எல்லாரும் விரும்பும் நான்கு அயிட்டம் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், யாரும் தொடாத பத்து அப்படியே திரும்பிப் போகும். கடைசியில் வருபவருக்குக் கிடைப்பது அந்தப் பத்துதான்.

பச்சை எடை, சமைத்த எடை வித்தியாசத்தில்தான் ஏமாற்றமும் நடக்கும், தவறான கணக்கும் நடக்கும். எலும்பில்லாத இறைச்சி வேகும்போது கால் பங்கு எடை குறையும். சமைத்து 150 கிராம் வேண்டும் என்றால் பச்சையாக 200 கிராம். 350 பேருக்கு 70 கிலோ. "52 கிலோ போடுகிறோம், ஆளுக்கு 150 கிராம் வரும்" என்று சொன்னால் அவர் பச்சை எடையைச் சொல்கிறார், தட்டுக்கு வருவது 110 கிராம் சொச்சம். எலும்போடு என்றால் இன்னும் குறையும். அரிசி இதற்கு நேர்மாறு. ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சாதமாகும்.

இறைச்சி அயிட்டம் இரண்டு இருந்தால் எல்லாரும் இரண்டையும் எடுப்பார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் சற்றுக் குறைவாக. அதனால் இரண்டு மடங்கு தேவையில்லை, ஒன்றரை மடங்கு போதும். சைவம் சாப்பிடுபவர்களுக்கான அயிட்டத்தில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். அசைவக்காரர்களும் அதை எடுப்பார்கள். சைவர்கள் 60 பேர் என்று 60 பேருக்குச் செய்தால் அவர்களுக்கே கிடைக்காது.

#12 நீலவானம்

இருவரிடமும் பேசினேன். முதல் ஆளுக்கு அன்று மாலை மொத்தம் மூன்று நிகழ்ச்சி. மேற்பார்வையாளர் யார் என்று ஒரு வாரம் முன் சொல்வாராம். கிராம் கணக்கு கேட்டதற்கு "குறையே வராது" என்றார். இரண்டாவது ஆளுக்கு எங்களுடையது மட்டும்தான். ஒவ்வொரு அயிட்டமும் இறங்கும் நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். தெர்மாமீட்டர் கேட்டதும் எடுத்துக் காட்டினார். ஆனால் ஹாட்பாக்ஸ் டேஸ்டிங்குக்கு ஒரு மணி நேரம்தான் வைக்க முடியும் என்கிறார்.

வீட்டில் இன்னும் ஒரே வாதம்: பிளேட் கணக்கு என்றால் வந்தவருக்கு மட்டும்தானே கொடுக்கிறோம், அது நமக்கு லாபம்தானே?

#13 கரண்டிக்கணக்கு

ஒரு மணி நேரம் போதும், சரி என்று சொல்லுங்கள்.

பிளேட் கணக்கு லாபமா என்பது எண்ணுகிற முறையைப் பொறுத்தது. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விருந்து முடிந்து ராத்திரி 11 மணிக்குத் தகராறு வருவது இதில்தான்.

வழக்கமாக எண்ணுவது இப்படி. தொடக்கத்தில் சுத்தமான தட்டு 25, 25ஆக அடுக்கியிருக்கும், 20 அடுக்கு, மொத்தம் 500. முடிவில் 4 அடுக்கும் சில்லறையாக 10ம் மிச்சம், 110. ஆக 390 தட்டு பயன்பட்டது, 390 பேருக்குப் பணம் என்பார். ஆனால் வந்தவர் 340 பேராக இருக்கலாம். மீதி 50 எங்கிருந்து வந்தது? இரண்டாவது முறை சாப்பிட வந்தவர் புதுத் தட்டு எடுத்திருப்பார். புகைப்படக்காரர், இசைக்குழு, கேட்டரரின் சொந்த ஆட்கள் சாப்பிட்டிருப்பார்கள். இனிப்புக்கு யாரோ பெரிய தட்டை எடுத்திருப்பார்கள். இன்னொன்று யாரும் கவனிக்காதது: தண்ணீர் எடுக்க எழுந்து போனவரின் பாதித் தட்டைத் துடைப்பவர் எடுத்துவிடுவார், அவர் திரும்பி வந்து வேறு தட்டு எடுப்பார். தட்டுக்குப் பணம் என்ற ஏற்பாட்டில் சீக்கிரம் எடுத்துவிடுவதுதான் கேட்டரருக்கு லாபம்.

நடுவில் கழுவித் திரும்ப அடுக்கினால் இந்தக் கணக்கு அவருக்கு எதிராகத் திரும்பும். எண்ணிக்கை குறைவாக வரும். அதனால் அவர் அழுக்குப் பெட்டியை எண்ணுவார், நீங்கள் சுத்தமான அடுக்கை எண்ணுவீர்கள், இரண்டும் பொருந்தாது.

பிளேட் கணக்கில்தான் போவதென்றால் இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்: முதல் தட்டு எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று, அங்கே இரு தரப்பிலும் ஒவ்வொருவர் நின்று எண்ண வேண்டும். இரண்டாம் முறைக்கான தட்டு வேறு அளவிலோ நிறத்திலோ மேசை ஓரத்தில் இருக்கும், அதற்கு எண்ணிக்கை கிடையாது. இனிப்புக்குக் கிண்ணம் தனி. வேலைக்கு வந்தவர்களின் சாப்பாடு பெட்டியில், எண்ணிக்கை முன்கூட்டியே. தொடக்க எண்ணிக்கையை இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு பிளேட் கணக்கிலும் குறைந்தபட்ச உத்தரவாதம் என்று ஒரு எண் இருக்கும். 350க்கு 325 உத்தரவாதம் என்றால், 290 பேர் வந்தாலும் 325க்குத்தான் பணம். அந்த எண் எவ்வளவு என்று கேட்டீர்களா?

#14 நீலவானம்

கேட்டேன் அண்ணா. 350க்கு 350 உத்தரவாதமாம்.

#15 கரண்டிக்கணக்கு

அப்படியானால் அது பிளேட் கணக்கே இல்லை. குறைந்தால் உங்களுக்குக் குறையாது, கூடினால் மட்டும் கூடும். மொத்தமாகப் பேசியவரிடம் போங்கள்.

அவரிடம் ஒப்பந்தத்தில் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். இறுதி எண்ணிக்கை 7 நாள் முன். அதன்பிறகு 48 மணி நேரம் முன்வரை 5 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். சமையல் மாஸ்டர், மேற்பார்வையாளர் பெயர். வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடக் கூடாது. ஆட்களின் எண்ணிக்கை, அதில் துடைத்து எடுப்பவர்கள் தனியாக. ஏதாவது பொருள் கிடைக்காமல் அயிட்டம் மாறினால் யாரிடம் கேட்டு மாற்ற வேண்டும். வரி, சேவைக் கட்டணம், போக்குவரத்து, பாத்திர வாடகை எல்லாம் சேர்ந்த தொகையா என்று ஒரு வரி. இந்த ஒரு வரி இல்லாததால்தான் மலிவாகத் தெரிந்த கொட்டேஷன் கடைசியில் விலை கூடியதாகிவிடும். தொகையில் 10 முதல் 15 சதவீதம் மறுநாள் கொடுப்பதாக வையுங்கள்.

பேச்சு ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன செய்வார் என்பதும் அதில் வேண்டும். 7.30க்குத் திறக்க வேண்டிய மேசை 8.30க்குத் திறந்தால், கடைசி வேனைத் தாமதமாகக் கிளப்ப அவருக்கு எத்தனை மணிக்குள் தகவல் போக வேண்டும்? யார் சொல்வது? அந்த ஒரு ஆளின் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். பத்து சொந்தக்காரர்கள் பத்து விதமாகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

#16 சுத்தம்முக்கியம்

ஒவ்வாமையை விட்டுவிட்டீர்கள். அழைப்புக்குப் பதில் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அமெரிக்கா 9, அதில் எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. உங்கள் கேட்டரர் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, மற்ற கொட்டைகள், எள், சோயா, மீன், இறால் வகை என்று கட்டம் போட்டுத் தர வேண்டும். பெயரில் தெரியாதவை ஆபத்து. கிரேவியைக் கெட்டியாக்க முந்திரி அரைத்து விடுவது, மேலே தூவும் எள், இறாலைப் பொரித்த அதே எண்ணெயில் காய்கறியைப் பொரிப்பது.

பஃபேயில் கரண்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், அதைத் தடுக்க முடியாது. ஆகவே கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு மேசையிலிருந்து எடுக்காமல், பின்னறையிலேயே தனியாக மூடி, பெயர் எழுதி வைத்த தட்டைக் கொடுப்பதுதான் வழி.

#17 நீலவானம்

நன்றி அக்கா. 11 பேர் ஒவ்வாமை சொல்லியிருக்கிறார்கள், பட்டியலை அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆளிடமே அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம். கடைசியாக ஒன்று. மிஞ்சும் சாப்பாடு யாருடையது? வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

#18 சுத்தம்முக்கியம்

மொத்தமாகப் பேசியிருப்பதால் உங்களுடையதுதான், ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கலாமா என்பது எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. மேசைக்கு வந்து திறந்து கிடந்த எதையும் எடுக்காதீர்கள், மனம் கேட்காவிட்டாலும். மேசைக்கே வராமல் ஹாட்பாக்ஸில் 60 டிகிரிக்கு மேல் இருந்ததை மட்டும் எடுக்கலாம். மேற்பார்வையாளரைத் தெர்மாமீட்டர் குத்திக் காட்டச் சொல்லுங்கள். அதை ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல். வேறு யாருக்காவது கொடுக்க நினைத்தால் அவர்கள் வண்டியை 9.30க்கே வரச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்து 11 மணிக்குக் கூப்பிட்டால், அவர்கள் வந்து சேர்வதற்குள் அந்தச் சூடு இறங்கியிருக்கும்.

#19 அடுப்படி

டப்பாவை நீங்களே வாங்கி முதல் நாளே மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிடுங்கள் தம்பி. ஒரு லிட்டர் அளவு, 40 போதும். ராத்திரி அந்த நேரத்தில் யாரும் டப்பா தேட மாட்டார்கள்.